சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் நோட்டை முதலில் பாருங்கள்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ், மண்டபத்தில் இறால் கம்பெனி, ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை, கீழக்கரையில் முதலாளி வெளிநாட்டில் இருக்க மேனேஜர் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ். இந்தக் கரையில் மாதச் சம்பளக்காரர்கள் நிறையப் பேர் இருப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். எச்.ஆர். என்று தனி ஆள் கிடையாது. வருஷா வருஷம் தானாக இன்கிரிமென்ட் விழும் என்று நம்பவும் முடியாது. வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. கேட்கிற விதத்தில்தான் பலருக்குக் காரியம் கெடுகிறது.

பெரிய தவறு அட்வான்ஸில் இருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐயாயிரம், தங்கை வீட்டு விசேஷத்துக்குப் பத்தாயிரம் என்று வாங்கியிருப்போம். முதலாளி முகம் சுளிக்காமல் கொடுத்திருப்பார், கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதியிருப்பார். அப்புறம் ஒருநாள் போய், "அண்ணே, சம்பளம் பத்தல" என்று ஆரம்பித்தால் அவர் கை நேரே அந்த நோட்டுக்குத்தான் போகும். "கேட்டப்பல்லாம் குடுத்தேனேப்பா, இன்னும் ஏழாயிரம் நிக்குதே." பேச்சு அங்கேயே முடிந்தது. நீங்கள் பார்த்த வேலைக்குக் கேட்ட கூலி, அவர் செய்த உபகாரக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாக்கியை அடைத்துவிட்டுக் கேட்பது நல்லது. முடியாதென்றால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "ஏழாயிரம் பாக்கி இருக்கு, மாசம் ஆயிரமா பிடிச்சுக்கங்க. நான் பேச வந்தது வேற." இதற்கு மறுபக்கமும் உண்டு. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டவரிடம், "இப்போதைக்கு ஒரு பத்தாயிரம் வாங்கிக்க, பிறகு பாப்போம்" என்பார்கள். கை நீட்டி வாங்கிவிட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது. எனக்குத் தெரிந்து இங்கே சம்பள உயர்வு காணாமல் போகும் வழிகளில் இதுதான் முதல் வழி.

அடுத்தது, கஷ்டத்தைச் சொல்லிக் கேட்பது. வாடகை, கேஸ், பிள்ளைகள் பீஸ் எல்லாம் உண்மைதான். ஆனால் அவரிடமும் கரண்ட் பில், டீசல், ஐஸ் விலை என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பட்டியலுக்குப் பட்டியல் போட்டால் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. செய்கிற வேலையைச் சொல்லுங்கள். லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்தபோது சாவி கொடுப்பதும் லெட்ஜர் எழுதுவதும்தான் வேலை. இப்போது ஆன்லைன் புக்கிங் அவர் பொறுப்பு, ஜிஎஸ்டி பில் அவர் பொறுப்பு. வடக்கே இருந்து வரும் யாத்ரீகர்களிடம் இந்தியில் பேசி, இருபத்திரண்டு தீர்த்தத்துக்கு வழி சொல்லி, தனுஷ்கோடிக்கு வண்டியும் பிடித்துத் தருகிறார். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடி தீவுக்குள் வருகிறது. விடியும் முன்னே வந்து இறங்குகிறவர்களுக்கு எழுந்து அறை கொடுப்பதும் இவர்தான். இதையெல்லாம் முதலாளி தினமும் பார்ப்பார், ஆனால் சேர்த்து வைத்து யோசித்திருக்க மாட்டார். ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போனால் போதும். "நான் இல்லேன்னா இந்த லாட்ஜே ஓடாது" என்ற வரி மட்டும் அதில் வேண்டாம்.

நேரம் பார்க்கத் தெரியாமல் கேட்பதும் இங்கே பெரிய குறை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன், இறால், ஐஸ் என்று கடலை நம்பியிருக்கும் எந்த இடத்திலும் மே மாதம் போய்ச் சம்பளம் பேசினால் வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தடை முடிந்த மறுவாரமும் சரிப்படாது. படகு மராமத்துக்குப் போட்ட காசு அப்போதுதான் திரும்பி வர ஆரம்பித்திருக்கும். வரவு ஓடத் தொடங்கிச் சில வாரம் போகட்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைப்போம், அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லாட்ஜிலும் ஹோட்டலிலும் கணக்கு வேறு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம் முடிந்த வாரம் கல்லாவும் நிறைந்திருக்கும், நீங்கள் தூங்காமல் நின்றதும் நினைவிருக்கும். அமாவாசைக்கு முதல் நாள் மாலை, "கூட்டிக் குடுத்தாத்தான் நாளைக்கு வருவேன்" என்பது வேறு ரகம். அன்றைக்குச் சரி என்பார். மறுநாளிலிருந்தே வேறு ஆள் தேடுவார்.

எவ்வளவு என்று சொல்லாமல் "பாத்துச் செய்யுங்க" என்று நிறுத்துவது மரியாதை என்று நாம் நினைக்கிறோம். முதலாளியும் பார்த்து, ஐந்நூறு செய்வார். தொகையைச் சொல்லுங்கள், ஆனால் சொல்லும் முன் கணக்குப் போடுங்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கும் இடத்தில் 12,000 ரூபாய் 14,000 ஆகிறது, கூடிய 2,000-மும் பேசிக்கில், அதாவது அடிப்படைச் சம்பளத்தில், சேர்கிறது என்று வையுங்கள். உங்கள் பங்கு பிஎஃப் 12 சதவீதம் 240, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 15 போக, கைக்குக் கூடுதலாக வருவது 1,745. முதலாளி தன் பங்காக பிஎஃப் 240, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 65 கட்ட வேண்டும். அவருக்குச் செலவு 2,300 தாண்டும். அதனால்தான் பேசிக்கில் சேர்க்காமல், "படியா தர்றேன்" என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். பேசிக் கூடினால்தான் பிஎஃப் வளரும். பிற்பாடு, வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டியும் அதை வைத்துத்தான்.

20,500 வாங்குகிறவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இஎஸ்ஐ வரம்பு 21,000. ஆயிரம் ரூபாய் கூடி 21,500 ஆனால், நடக்கிற அரையாண்டு (ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்) முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்குப் பிறகு வெளியே. வீட்டில் தொடர் சிகிச்சை எடுக்கும் பெற்றோர் இருந்தால் அந்த ஆயிரம் நஷ்டமாகவே முடியலாம். அப்போது கூடுதலாகக் கேளுங்கள், அல்லது மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

சட்டப்படி வர வேண்டியதை உயர்வு என்று நினைத்து வாங்கிக்கொள்வதும் உண்டு. குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் மாறும். தீபாவளி போனஸும் அப்படித்தான்: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம். "போனஸ் குடுத்தோம்ல" என்பது சம்பளப் பேச்சுக்குப் பதில் ஆகாது.

வேலையில் சேர்த்துவிட்ட மாமாவையே தூது அனுப்புவது வேண்டாம். முதலாளி முகத்துக்காக அவரிடம் சரி என்பார், உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். கல்யாணப் பந்தியிலும் டீக்கடையிலும் வேண்டாம். துபாயில் இருக்கும் முதலாளிக்கு மேனேஜரைத் தாண்டி நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போடுவது எல்லாவற்றிலும் மோசம். அது அப்படியே மேனேஜருக்குத் திரும்பி வரும். மேனேஜரிடம் முதலில் சொல்லிவிட்டு, "காக்கா (கீழக்கரைப் பேச்சில் அண்ணன்), சம்பள விஷயமா பத்து நிமிஷம் பேசணும், எப்ப கூப்பிடட்டும்?" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். "அங்கே இதே வேலைக்கு இத்தனை திர்ஹாம்" என்பதையும் விடுங்கள். பக்கத்துத் தெரு ஆபீஸில் என்ன கொடுக்கிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பு.

சரி என்றுவிட்டால், எந்த மாதத்திலிருந்து என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். அன்றைக்கே ஒரு மெசேஜ்: "ஆகஸ்ட் சம்பளத்திலிருந்து 14,000 என்று பேசியபடி, நன்றி." முடியாது என்றால் எப்போது மறுபடி பேசலாம் என்று கேளுங்கள், வார லீவு, இரவு ஷிப்டுக்குப் பேட்டா, இரண்டு வேளைச் சாப்பாடு போன்றவற்றை அந்த இடத்திலேயே பேசிப் பார்க்கலாம். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும், கூடிய தொகை பேசிக்கில் ஏறியிருக்கிறதா, அட்வான்ஸ் பிடித்தம் பேசிய ஆயிரம்தானா என்று பாருங்கள். சில இடங்களில் கூட்டிய மாதமே பிடித்தத்தையும் கூட்டிவிடுவார்கள்.