கண்டாங்கியில் கதவுத் திரை

கட்டம் போட்ட அம்மாவின் அரக்குக் கண்டாங்கிச் சேலை பீரோவில் சும்மா கிடந்தது. இப்போது கூடத்துக் கதவில் தொங்குகிறது. காரைக்குடிப் பருத்தி, 5.5 மீட்டர். 7 அடிக் கதவுக்கு இரண்டு திரை தாராளமாக வரும். மேலும் கீழும் மடித்துத் தைக்க 8 அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். மிச்சமாகும் முந்தியில் இரண்டு குஷனுக்கு முகப்பு தேறும்.

வெட்டும் முன் அலசி, நிழலில் காயப்போடுங்கள். புதுச் சேலை ஒன்றை அலசாமலே தைத்தேன். முதல் துவைப்பிலேயே சுருங்கி, தரையிலிருந்து நாலு விரல் மேலே ஏறிக்கொண்டது. கரை சுருங்காமல் உடம்பு மட்டும் சுருங்கியதில் ஓரமெல்லாம் நெளிநெளியாக அலை வேறு.

கரையில் கத்தரி வைக்காதீர்கள், திரைக்கு அழகே அதுதான். வெயில் அடிக்கும் பக்கம் காடாத் துணி லைனிங் கொடுங்கள், சாயம் சீக்கிரம் வெளுக்காது. பூப்போட்ட சோபா வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். கட்டமும் பூவும் சண்டை போடும்.