விலையை எந்தக் கணக்கில் சொல்வது?

விலையைச் சொல்வதற்கு முன், உங்கள் பொருள் தீர்க்கும் தொல்லைக்காக வாடிக்கையாளர் இப்போது எதற்குப் பணம் கொடுக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் விலையை அந்தச் செலவோடு சேர்த்தே பேசுங்கள். ‘புதிய கணக்கு மென்பொருள்’ என்றால் அது புதுச் செலவு. ‘மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ஊழியர்களுக்குத் தரும் கூடுதல் நேரச் சம்பளத்தில் பாதி’ என்றால் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் பணம். (பாதி என்பது உண்மையாக இருக்க வேண்டும்!) பணத்தை நாம் மனத்துக்குள் தனித்தனிப் பைகளில் வைத்திருக்கிறோம், பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது. பழகிய பையிலிருந்து எடுக்கக் கை அவ்வளவாகத் தயங்குவதில்லை.

அந்தத் தொல்லைக்கு அவர் இதுவரை காசே செலவழித்ததில்லை என்றால் இது பலிக்காது. ஒப்பந்தப்புள்ளி கோரும் இடங்களிலும் வீண்தான். செலவுத் தலைப்பை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள்.