மென்பொருளில் பல துறையா, ஒரு துறையா? டெல்டாக்காரர் முடிவெடுக்கும் முறை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கல்லூரி முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் நிரல் எழுதியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: எல்லாவற்றிலும் ஓரளவு கைவைக்கத் தெரிந்த ஃபுல் ஸ்டாக் ஆளாக இருப்பதா, அல்லது டேட்டாபேஸ், பாதுகாப்பு என்று ஒன்றில் மட்டும் ஆழமாக இறங்குவதா? மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறந்தால் குறுவை, தண்ணீர் தாமதமானால் நேரே சம்பா என்றுதான் நம் ஊரில் முடிவாகிறது. அதைப்போல இங்கும் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு யார் வேலை தரப்போகிறார்கள் என்பதைத்தான்.

ஊரிலேயே இருந்து அரிசி ஆலைக்கும் பாத்திரக்கடைக்கும் மென்பொருள் செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பில் போடும் திரை, ஜிஎஸ்டி கணக்கு, சர்வர் ஆகிய அனைத்தும், பிரிண்டர் மக்கர் செய்தால் அதுவும்கூட, உங்கள் தலையில்தான் விழும். அங்கே ஒரு துறை நிபுணருக்குச் சோறு கிடையாது. சென்னை, பெங்களூருவில் உள்ள பெரிய நிறுவனங்களுக்கோ, அவற்றுக்கு வீட்டிலிருந்தோ வேலை செய்வதென்றால் நிலைமை வேறு; அங்கே ஒரே சிக்கலுக்கென்று ஒரு குழுவே இருக்கும்.

அடுத்தது உங்கள் மனப்போக்கு. ஆலையின் மென்பொருளில் விவசாயியின் பெயரைத் தேடும் திரை அறுவடைக் காலத்தில் நகர மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வரின் நினைவகத்தைக் கூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். பல நேரங்களில் அதுவே போதும். அல்லது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், தேடல் எப்படி நடக்கிறது என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ கட்டளையைப் போட்டுப் பார்த்து, பெயருக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) இருந்தும் டேபிள் முழுவதும் வரிவரியாகப் படிக்கப்படுவதைக் கவனித்து, தேடலில் பெயரைச் சிறிய எழுத்தாக மாற்றும் ‘லோயர்’ ஃபங்ஷன் இருப்பதால்தான் அந்த இண்டெக்ஸ் பயன்படவில்லை என்று கண்டுபிடித்து, ‘லோயர்’ செய்த பெயருக்கே புதிய இண்டெக்ஸ் போடலாம். திரை சரியான பிறகும், இது ஏன் இப்படி நடக்கிறது என்று இரவு பத்து மணிக்குக் கையேட்டைப் புரட்டுபவர் ஒரு துறையில் இறங்கலாம். சரியானதும் ஆலைக்காரரிடம் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றுபவர் பல துறையிலேயே இருப்பது நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

ஒரு துறை என்று முடிவு செய்தால், கருவியின் பெயரில் நிபுணராகாதீர்கள். இணையதளங்களில் அசையும் படம் காட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் மட்டுமே தெரிந்தவர்களின் பிழைப்பு, 2020 டிசம்பர் 31-இல் அடோபி அதன் ஆதரவை நிறுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தேயத் தொடங்கிவிட்டது. பேயரும் மெக்ரைட்டும் 1972-இல் வெளியிட்ட, தகவலை வரிசைப்படுத்தி வைக்கும் பி-ட்ரீ என்ற முறையோ, இன்றும் போஸ்ட்கிரெஸில் வகை எதுவும் குறிப்பிடாமல் இண்டெக்ஸ் போட்டால் கிடைப்பது.

இதற்கு மேலும் குழப்பம் தீரவில்லையென்றால், உங்கள் கடந்த ஆறு மாதக் கமிட்டுகளை, அதாவது நிரலில் செய்து பதிந்த மாற்றங்களை, கிட் லாக் என்ற பதிவேட்டில் எடுத்து, மேலாளர் சொல்லிச் செய்தவற்றை அடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே நீங்கள் திருத்திய கோப்புகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.