பழைய வீட்டின் மேல் புது மாடி: நியூயார்க்கில் சறுக்கும் இடங்கள்

நியூயார்க்கில் பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க நினைப்பவர்கள் முதலில் போடுவது எஃப்.ஏ.ஆர். கணக்கு. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு பரப்புக்குக் கட்டலாம் என்ற கணக்கு அது. நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்கிறோமே, அதேதான். மனையளவுக்கு இன்னும் சில நூறு சதுர அடி மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அவசரம். எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம் என்பது ஜோனிங் விதி, அதாவது நகரைப் பகுதிகளாகப் பிரித்து எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் விதி. வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் அதன் மேல் கட்டலாமா, எந்த வடிவில் என்பதை 1965 சட்டத்தின்படி இயங்கும் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு ஆணையம் தனியாக முடிவு செய்யும். உங்கள் வீடு தனிப்பட்ட முறையில் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. கிரீன்விச் வில்லேஜ் போலப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தாலே ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

'என் கட்டடம், அதற்கு மேலிருக்கும் வானமும் என்னுடையது' என்ற வாதம் எடுபடாது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளர்கள் 1968-ல் திட்டம் போட்டார்கள். ஆணையம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரம் வென்றது. பயன்படுத்தாத கட்டுமான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் கேட்கவே வேண்டாம் என்று ஒதுங்குவதும் தவறுதான். 1928-ல் கட்டிய ஆறு மாடி ஹெர்ஸ்ட் கட்டடத்தின் மேல் கண்ணாடிக் கோபுரம் 2006-ல் எழுந்து, மொத்தம் 46 மாடியானது, அதே ஆணையத்தின் அனுமதியோடு. கோபுரத்தைத் தாங்குவதற்கென்றே அடித்தளம் போட்ட கட்டடம் அது. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததால் மேல்பகுதி நின்றுபோயிருந்தது. பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்தால் சில சமயம் உங்கள் பக்கம் பேச ஆதாரம் கிடைக்கும்.

சாதாரண வீடுகளில் பெரும்பாலும் சிக்குவது, புது மாடி பொதுவழியிலிருந்து 'தெரிகிறதா' என்று ஆணையம் பார்க்கும் கேள்வியில். வீட்டுக்கு நேர் எதிர் நடைபாதையில் நின்று பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். விதியில் பொதுவழி என்பது தெரு, நடைபாதை, பூங்கா, பாதை எல்லாம் சேர்ந்தது. கிரீன்விச் வில்லேஜில் உள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குள் நடப்பவர் கண்ணில் பட்டாலும் அது தெரிவதுதான். தெருமுனை வரை நடந்து பாருங்கள், குறுக்குத் தெருவிலிருந்தும் பாருங்கள். மரம் மறைக்கிறது என்று நம்பாதீர்கள். இலையுதிர் காலம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டப்போகும் அளவுக்கே மொட்டைமாடியில் கம்பு நட்டு, ஆரஞ்சு வலை கட்டிப் படமெடுத்து ஆணையத்துக்குக் காட்ட வேண்டும். இதை வெறும் சடங்காக நினைத்துக் குட்டையான மாதிரியை வைப்பவர்கள் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், வரைபடத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த வலையைக் கட்டிப் பார்ப்பது நல்லது. மாடியை மட்டும் காட்டி, படிக்கட்டு அறை, ஏ.சி. பெட்டி, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவையும் கண்ணில் படும், அவற்றுக்கும் அனுமதி வேண்டும்.

பக்கத்து வீட்டுப் புகைபோக்கியை யாரும் யோசிப்பதில்லை. உங்கள் மாடி அதைவிட உயர்ந்தால், உங்கள் செலவில் அதையும் உயர்த்திக் கட்ட வேண்டி வரலாம்.

சரி, அனுமதிச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. வேலை முடிந்ததா? கிழக்கு 96-ஆம் தெருவில் 1980-களில் எழுந்த 31 மாடிக் கட்டடம் பாரம்பரியக் கட்டடமல்ல, ஆனாலும் பாடம் பொருந்தும். ஜோனிங் எல்லைக்கோட்டைத் தப்பாகப் படித்ததால் அங்கே 12 மாடிகள் கூடுதலாகிவிட்டன. அனுமதி கொடுத்ததே நகரக் கட்டடத் துறைதான். தவறாகக் கொடுத்த அனுமதி உரிமை ஆகாது என்றது நீதிமன்றம். 1993-ல் 12 மாடிகளையும் இடித்தார்கள். எல்லைக்கோட்டை நீங்களே வரைபடத்தில் சரிபார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே மேல்மாடி எடுத்த வீட்டை வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் கட்டியிருந்தால் அந்த விதிமீறல் வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரும். அதைச் சரிசெய்யாதவரை வேறு வேலைக்கு ஆணையத்திடம் அனுமதி வாங்குவது கடினம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆணையம், கட்டடத் துறை இரண்டின் அனுமதி நகல்களையும் கேட்டு வாங்குங்கள்.