செம்புத் தகட்டில் ஒளி உறிஞ்சும் ஆக்ஸைடு: ஒரு சூரிய மின்கலச் செய்முறை

ஒளியை உறிஞ்சி மின்சாரம் தரும் வேலை சிலிக்கானுக்கு மட்டும் உரியதன்று. சில உலோக ஆக்ஸைடுகளும் அதைச் செய்யும். வெள்ளை நிற டைட்டானியம் டை ஆக்ஸைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஒளித்துகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) என்பதால், அது புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதோடு நின்றுவிடுகிறது. செங்காவியில் உள்ள ஹேமடைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சினாலும், அதில் எலக்ட்ரான் விலகிய இடத்தில் உண்டாகும் நேர்மின் வெற்றிடங்களான துளைகள் சில நானோமீட்டர் தூரம் நகர்வதற்குள் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழிகின்றன. செம்பின் சிவந்த ஆக்ஸைடான குப்ரஸ் ஆக்ஸைடு இவ்விரண்டு குறைகளிலிருந்தும் பெரும்பாலும் தப்பியது என்பதாலும், வீட்டிலேயே உருவாக்க முடியும் என்பதாலும், தொடக்கநிலையில் இதையே தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்கிறேன்.

உள்ளங்கை அளவுள்ள இரண்டு செம்புத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி உலர்த்துங்கள். ஒன்றைச் சுருள் கம்பியுள்ள மின் அடுப்பின் மேல் வைத்து, காற்றோட்டமான இடத்தில் முழு வெப்பத்தில் சூடாக்குங்கள். முதலில் ஆரஞ்சும் ஊதாவுமாக நிறங்கள் தோன்றி மறையும். பிறகு தகடு கறுக்கும். கறுத்தபின் மேலும் அரை மணி நேரம் சூடாக்கினால்தான் படலம் தடிக்கும். மெல்லியதாக இருந்தால் கருப்புப் படலம் பின்னர் உரியாமல் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கருப்பு, செம்பின் மற்றோர் ஆக்ஸைடான குப்ரிக் ஆக்ஸைடு. நமக்கு வேண்டியது அதன் அடியில், உலோகத்தை ஒட்டி, ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைத்த இடத்தில் உருவாகியிருக்கும் சிவப்புப் படலம். அடுப்பை அணைத்துவிட்டுத் தகட்டை அதன் மேலேயே ஆறவிடுங்கள். செம்பும் ஆக்ஸைடும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், கருப்புச் செதில்கள் சடசடவெனத் தெறித்து உரியும். முகத்தை அருகில் கொண்டுசெல்ல வேண்டாம். ஆறியதும் குழாய் நீரில் மெதுவாகக் கைகளால் தடவி எஞ்சிய செதில்களை நீக்குங்கள். ஆங்காங்கே கருப்பு மிஞ்சினால் விட்டுவிடுங்கள். சுரண்டினால் சிவப்பும் போய்விடும். செம்புப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ தேய்த்தால், அந்த அமிலம் நாம் உருவாக்கிய ஆக்ஸைடையே கரைத்துவிடும்.

வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் இரு தகடுகளையும் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராக நிறுத்தி, தகடுகளின் மேல்விளிம்பு நனையாதபடி உப்பு நீர் ஊற்றுங்கள். மல்டிமீட்டரை 200 மைக்ரோஆம்பியர் அளவில் வைத்து, சுத்தமான தகட்டை நேர்முனையிலும் ஆக்ஸைடுத் தகட்டை எதிர்முனையிலும் இணைத்து, ஆக்ஸைடு முகத்தை வெயிலை நோக்கித் திருப்புங்கள்.

முள்ளோ எண்ணோ அசைந்தவுடன் வெற்றி என்று எண்ணிவிட வேண்டாம். இருட்டிலும் சில மைக்ரோஆம்பியர் காட்டும்; ஏனெனில் மேற்பரப்பில் வெவ்வேறு பொருள் உள்ள இரு தகடுகள் உப்பு நீரில் நின்றால் சிறிய பேட்டரியாகவும் செயல்படும். ஆகவே அட்டையால் நிழலிட்டு ஓர் அளவு, வெயிலில் ஓர் அளவு எடுத்து, வித்தியாசத்தையே ஒளி தந்த மின்னோட்டமாகக் கொள்ளுங்கள். நிழல் விழுந்த கணமே அளவு குறைய வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்தால் அது வெப்பத்தின் விளைவாக இருக்கலாம்.

அடுத்து, சிவப்பு செலோபேன் தாளை வெயிலுக்குக் குறுக்கே பிடியுங்கள். குப்ரஸ் ஆக்ஸைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட். அதைவிட ஆற்றல் குறைந்த, அதாவது ஏறத்தாழ 590 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஒளியை அது பெரும்பாலும் உறிஞ்சாது. எனவே சிவப்பு ஒளி மட்டும் விழும்போது அளவு நிழல் நிலையை நெருங்கினால், மின்னோட்டம் ஆக்ஸைடிலிருந்தே வருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கும். முழுச் செய்முறையிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தச் சோதனையைத்தான்.

கிடைப்பது சில பத்து மைக்ரோஆம்பியர்தான், விளக்கு எரியாது. ஆய்வகங்களில் உப்பு நீருக்குப் பதிலாக வேறொரு ஆக்ஸைடின் மெல்லிய படலத்தைச் சேர்த்து, எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் சந்தியாக அமைக்கிறார்கள். 2022இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் இவ்வகை ஒளிபுகும் மின்கலத்தில் 9.5 சதவீதத் திறனை அறிவித்தது. அது உறிஞ்சாமல் விடும் சிவப்பு ஒளியைக் கீழே வைக்கும் சிலிக்கான் கலம் பயன்படுத்திக்கொள்ளும் என்பதே அந்த முயற்சியின் நோக்கம்.

சோதனை முடிந்த நீரில் செம்பு கரைந்திருக்கும். அதைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ ஊற்றாதீர்கள், மீன்களுக்கு அது நஞ்சு.