குங்ஃபூ: குதிரை நிலையிலிருந்து வில் நிலைக்கு

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள ஷாவோலின் மடத்தில், ஆயிரம் புத்தர் மண்டபத்துத் தரையில் 48 குழிகள் உண்டு. துறவிகள் காலை ஊன்றி ஊன்றிப் பழகியே தரை அமுங்கியது என்கிறார்கள். உங்களுக்கு இப்போதைக்கு வழுக்காத தரை போதும். டைல்ஸ் மேல் சாக்ஸ் போட்டு நிற்காதீர்கள்.

முதலில் மா பு, அதாவது குதிரை நிலை. உங்கள் பாதத்தாலேயே அளந்து மூன்று பாத நீளத்துக்குக் கால்களை விரியுங்கள். இரண்டு பாதமும் நேர் முன்னே பார்க்கட்டும். முதுகை நிமிர்த்தி, ஸ்டூலில் உட்காருவதுபோல் இறங்குங்கள். தொடை தரைக்கு இணையாக வருவது பிறகு. முதல் வாரம் பாதி இறக்கமே போதும். 30 விநாடி நின்று, ஓய்வெடுத்து, மூன்று தடவை செய்யுங்கள்.

இங்கே முட்டி உள்ளே சாய்வதுதான் பெரிய தப்பு. தொடை களைத்ததும் பாரம் பாதத்தின் உள்விளிம்புக்கு நழுவும், முட்டியும் கூடவே உள்ளே போகும். குனிந்து பாருங்கள்: கட்டைவிரல் தெரிய வேண்டும், முட்டி அதை மறைக்கக் கூடாது. மறைத்தால் கொஞ்சம் எழும்புங்கள். தொடை எரியலாம், முட்டி வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து கோங் பு, வில் நிலை. குதிரை நிலையிலிருந்தே இடப்பக்கம் திரும்புங்கள். இடது பாதம் குதிகாலை ஊன்றி 90 டிகிரி திரும்பட்டும். வலது பாதமோ முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். விரல்கள் முன்பக்கம் 45 டிகிரி சாய்வாக நிற்கும். இடது முட்டி மடங்கும், வலது கால் நீளும், இடுப்பு முன்னோக்கும். வலது பாதத்தையும் குதிகாலிலேயே திருப்பினால் இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் விழுந்துவிடும். அப்புறம் கயிற்றில் நிற்கிற கதைதான், பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளினாலே சாய்வீர்கள். பின்குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது.

இனி முன்னேறும் காலடி. முன்னே உள்ள பாதத்தை 45 டிகிரி வெளியே திருப்பி, பாரம் முழுவதையும் அதில் ஏற்றுங்கள். பின்காலை முன்கணுக்காலை ஒட்டிக் கொண்டுவந்து, வளைவாக முன்னே வையுங்கள். குதிகால் பட்ட பிறகே பாரத்தை மாற்றுங்கள். முந்தினால் விழுவதுபோல் தொப்பென்று இறங்கும்.

நடுவில் எழும்பி இறங்குகிறீர்களா என்று பார்க்க, பக்கச்சுவரில் உங்கள் தலையின் நிழல் உயரத்துக்கு டேப் ஒட்டுங்கள். நிழல் அதைத் தாண்டாமல் போக வேண்டும். பக்கத்துக்குப் பத்து காலடி.