ஊரில் கமராவைத் தூக்குவதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் விசா, பயணப்பொதியின் நிறை எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்கிறோம், ஆனால் அங்கே யாருடைய முகத்தைக் கைபேசியில் பிடிக்கிறோம் என்று யோசிப்பது குறைவு. ஜெர்மனியில் ஒருவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்ற சட்டம் 1907இலிருந்தே இருக்கிறது. பிரான்ஸில் தனிப்பட்ட இடத்தில் இருப்பவரைக் கேட்காமல் எடுத்தால் ஓராண்டுச் சிறை, 45,000 யூரோ தண்டம் வரை போகலாம். அங்கெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம் விழுந்தால்கூடத் தாய் தகப்பனைக் கேட்கிறோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் அந்தப் பழக்கம் எங்கே போகிறது?

இலங்கையில் தெருவிலோ சந்தையிலோ படம் எடுக்கச் சம்மதம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் இல்லை. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பதைத் தொடாது. ஆனால் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட விபரத்தையோ படத்தையோ இணையத்தில் போடுவது, 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டப்படி குற்றம். இராணுவ முகாம், சோதனைச் சாவடி பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். ட்ரோனுக்கு அனுமதி எடுக்க வேண்டும். நல்லூரில் கோயிலுக்கு உள்ளே படம் எடுக்க முடியாது.

சரி, சட்டம் பிடிக்காத இடத்தில்தான் நாங்கள் அதிகம் பிழை விடுகிறோம், அதிலும் உதவி கொடுக்கும்போது. சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் கொடுத்தோம். பின்னால் எங்கள் பெயர் போட்ட பதாகை, முன்னால் அந்தப் பிள்ளை, ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கையால் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். நான் ஆறேழு படம் எடுத்து அன்றிரவே முகநூலில் போட்டேன். அடுத்த கிழமை தாய் சொன்னா, "சைக்கிள் நல்லம் தம்பி, ஆனா பிள்ளை அதில பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறாள்." வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். படத்தை முகநூலிலிருந்து நீக்கிவிட்டேன், ஆனால் அதற்குள் எத்தனை பேர் பகிர்ந்திருந்தார்கள். காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும், அதற்குப் பற்றுச்சீட்டு போதும், அதிபரின் கடிதம் போதும், சைக்கிளை மட்டும் எடுத்த படம் போதும்.

மே 18இல் போரில் இறந்தவர்களின் நினைவேந்தலுக்கு முள்ளிவாய்க்கால் போனாலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் அம்மாமாரிடம் போனாலும் இன்னும் கவனம் வேண்டும். அப்படியான இடங்களில் புலனாய்வுக்காரரும் படம் எடுக்கிறார்கள். நீங்கள் போடும் தெளிவான முகம் அவர்களுக்கும் கிடைக்கும், நீங்கள் விமானம் ஏறிய பிறகு விசாரணைக்கு ஆள் வருவது அந்த அம்மாவின் படலைக்கு. சுடரை எடுங்கள், கைகளை எடுங்கள், பின்னால் நின்று எடுங்கள். முகம் வேண்டுமென்றால் எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

கேட்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, "அம்மா, ஒரு படம் எடுக்கட்டோ?" அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை கேட்கும்போது மறுக்க அவர்களுக்குக் கூச்சம், சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தால் அதை ஓம் என்று எடுக்காதீர்கள். எடுத்ததைக் காட்டுங்கள், பிடிக்காவிட்டால் அவர்கள் முன்னாலேயே அழியுங்கள். பிடித்திருந்தால் டவுன் ஸ்டூடியோவில் ஒரு பிரதி போட்டு, திரும்பி வரும் வழியில் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.